தமிழ், துருக்கிய மொழிகளில் ஒட்டுகள்

ஒட்டுகள் என்பவை சொல்லின் பகுதியோடு சேர்ந்து எண், வேற்றுமை, காலம், இடம் முதலியவற்றை உணர்த்தும் உறுப்புகள் ஆகும். தமிழும் துருக்கியமும் ஒட்டுநிலை மொழிகள். இவற்றில் ஒட்டுகள் பகுதியின் பின் வரிசை மாறாமல் அடுக்கப்படுகின்றன.

பெயர் ஒட்டுகள்

துருக்கியத்தில் 'எவ்' என்பது வீடு. 'எவ்-லெர்-இம்-தெ' என்றால் 'என் வீடுகளில்' என்று பொருள். இதில் 'லெர்' பன்மையையும், 'இம்' என்னுடைய என்பதையும், 'தெ' இடத்தையும் குறிக்கும். தமிழில் 'என்' தனிச்சொல்லாக முன்னே நிற்கும். துருக்கியத்தில் அதுவும் ஒட்டாகிறது.

தமிழில் ஒட்டுச் சேரும்போது பல சொற்களில் பகுதியே மாறும். சேலம், நாமக்கல் மாவட்ட ஊர்ப் பெயர்களில் இதனைக் காணலாம்:

* சேலம் – சேலத்தில் ('ம்' கெட்டு 'அத்து' சாரியை பெற்றது)
* நாமக்கல் – நாமக்கல்லில் ('ல்' இரட்டித்தது)
* திருச்செங்கோடு – திருச்செங்கோட்டில் ('ட்' இரட்டித்தது)
* ஆத்தூர் – ஆத்தூரில் (மாற்றம் இல்லை)

நான்கிலும் வேற்றுமை உருபு 'இல்' ஒன்றே. துருக்கியத்தில் பெரும்பாலும் பகுதி மாறாது. பகுதியின் இறுதி உயிருக்கு இசைய ஒட்டு மாறும். 'அங்காரா-த' (அங்காராவில்), 'இசுமீர்-தெ' (இசுமீரில்) என்பன காண்க. இது உயிரொலி இசைவு எனப்படும்.

வினை ஒட்டுகள்

'படித்தேன்' என்பது படி + த் + த் + ஏன் எனப் பிரியும். இவை முறையே பகுதி, சந்தி, இறந்தகால இடைநிலை, தன்மை ஒருமை விகுதி ஆகும். இதற்கு இணையான துருக்கியச் சொல் 'ஒகு-து-ம்'. பகுதி, காலம், இடம் என்னும் வரிசை இரண்டிலும் ஒன்றே. ஆனால் படித்தான், படித்தாள், படித்தது ஆகிய மூன்றுக்கும் துருக்கியத்தில் 'ஒகுது' என்னும் ஒரே வடிவம் போதும். அங்கு பால் காட்டும் விகுதி இல்லை.

எதிர்மறையில் துருக்கியம் 'ம' என்னும் ஒட்டை இடையில் செருகுகிறது: 'ஒகு-ம-தி-ம்' (நான் படிக்கவில்லை). இதில் தன்மை விகுதி நிலைத்திருக்கிறது. 'படிக்கவில்லை' என்னும் தமிழ் வடிவம் இடத்தைக் காட்டாது.

மரியாதை ஒட்டு

துருக்கியத்தில் 'கெல்' என்பது 'வா'. 'கெலினிஸ்' என்பது 'வாருங்கள்'. இரு மொழிகளிலும் பன்மை வடிவமே மரியாதையையும் உணர்த்துகிறது. சேலம், நாமக்கல் பகுதிப் பேச்சில் மரியாதைக்குரிய 'ங்க' வினையோடு நில்லாமல் பிற சொற்களிலும் ஒட்டும்: சரிங்க, இல்லீங்க, நாமக்கல்லுங்க.

மொழியுறவு

1856இல் வெளியான தம் ஒப்பிலக்கண நூலில் இராபர்ட் கால்டுவெல், திராவிட மொழிகளைத் துருக்கியம் உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு தொடர்புபடுத்தினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் இவ்வுறவை ஏற்பதில்லை. ஒட்டும் முறை ஒத்திருப்பது மட்டுமே மொழிக்குடும்ப உறவுக்குச் சான்றாகாது.