கணக்குக் கேட்காத தகப்பன்

வீட்டை விட்டுப் போன மகன், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். தகப்பன் என்ன செய்வார்?

கதவைச் சாத்துவாரா? கணக்குக் கேட்பாரா?

திருப்பூர்-தாராபுரம் சாலையில் இருக்கும் ஊர், அவிநாசிபாளையம். பனியன் கம்பெனி வேலைக்காக வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும் வட்டாரம் இது. சம்பளத்தை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பலர். சனிக்கிழமை வாங்கியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் குடித்துத் தீர்ப்பவர்களும் உண்டு. "எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?" என்று, பண்டிகைக்குக்கூட பஸ் ஏறாதவர்கள் இவர்கள்.

இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் கதையை ஏசுநாதர் சொன்னார். பைபிளில், லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 15-ம் அதிகாரத்தில் அது இருக்கிறது.

பன்றி மேய்த்தவன்

ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் சொத்தில் பங்கு கேட்டு வாங்கினான். தூர தேசம் போனான். பணத்தை எல்லாம் வாரி இறைத்தான். பஞ்சம் வந்தது. பன்றி மேய்த்தான். பன்றித் தீனிகூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

"கூலி ஆளாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க எண்ணி, ஊர் திரும்பினான்.

தகப்பன் அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஓடினார். கட்டித் தழுவினார். மகன் பேசி முடிக்கும் முன்பே, நல்ல உடை கொண்டுவரச் சொன்னார். மோதிரம், செருப்பு, விருந்து! ஒரு காசுக்கும் கணக்குக் கேட்கவில்லை.

மூத்தவனுக்குக் கோபம். வீட்டுக்குள் வர மறுத்தான். அவனையும் தகப்பனே வெளியே வந்து அழைத்தார்.

கடவுள் இந்தத் தகப்பனைப் போன்றவர் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை.

பஸ்சில் கொலை

கதையில் சரி. மனிதரால் இப்படி மன்னிக்க முடியுமா?

கேரளத்தைச் சேர்ந்த கன்னியாஸ்திரி ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தில், ஏழை ஆதிவாசி விவசாயிகளுக்காக உழைத்தார். இது சில பணக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ந்தேதி, இந்தூர் செல்லும் பஸ்சில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார், சமந்தர் சிங் என்ற வாலிபர். ராணி மரியாவுக்கு வயது 41.

சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை. தன்னை ஏவியவர்களைப் பழிவாங்க வேண்டும் என்று ஜெயிலில் துடித்தார்.

கையில் ராக்கி

2002-ம் ஆண்டு ரக்ஷா பந்தன் நாள். ராணி மரியாவின் தங்கை செல்மி பால் ஜெயிலுக்கு வந்தார். அவரும் கன்னியாஸ்திரி. அக்காளைக் கொன்ற கையில் ராக்கி கட்டினார். "இனி நீ என் சகோதரன்" என்பதே அதன் பொருள்.

பெற்ற தாயும் அந்தக் கையை முத்தமிட்டார். அவரை விடுதலை செய்ய குடும்பத்தாரே பரிந்துரைத்தனர். 2006-ல் விடுதலை ஆனார். கேரளத்துக்குப் போய், அந்தப் பெற்றோரைப் பார்த்தார். பிறகு விவசாயம் செய்து வாழ்ந்தார்.

குற்றம் குற்றம்தான். அதற்குச் சுமார் 11 ஆண்டு ஜெயில் கிடைத்தது. ஆனால், தண்டனையால் ஆறாத மனம், மன்னிப்பால் மாறியது.

2017 நவம்பர் 4-ந்தேதி, இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

ஏசு சொன்ன கதையில், மூத்தவன் வீட்டுக்குள் வந்தானா என்பது சொல்லப்படவில்லை. செல்மி பால் போனார். ஜெயிலுக்குள்ளேயே போனார்!

ஊருக்குப் போக வெட்கப்படும் பிள்ளைகளே! உங்கள் வீட்டிலும் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பஸ் ஏறுங்கள்.