கம்பத்து வெயிலின் பூர்வீகம்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களில் விழும் வெயில், சூரியனின் மேற்பரப்பிலிருந்து இங்கு வர 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. அதற்கு முன், சூரியனின் மையத்திலிருந்து மேற்பரப்புக்கு வர அந்த ஆற்றலுக்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்கிறது ஒரு கணக்கு. அதனால் இதை ‘லட்சம் ஆண்டு பயணித்த ஒளி’ என்று சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. மையத்தில் பிறந்த ஒளித்துகள் எதுவும் அப்படியே வெளியே வந்து சேர்வதில்லை.

சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பமுள்ள மையத்தில், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது காமாக் கதிர்கள் பிறக்கின்றன. அவற்றில் ஒரு வகையின் அலைநீளம் 0.0024 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளம் இதைப்போல இரண்டு லட்சம் மடங்கு.

இந்தக் காமா ஒளித்துகள் எலெக்ட்ரான் மீது மோதினால், ஆற்றலில் ஒரு பங்கை அதனிடம் விட்டுவிட்டுத் திசைமாறும். ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும். ஆர்தர் காம்ப்டன் 1923இல் விளக்கிய சிதறல் இதுதான். நேர் எதிராகத் திரும்பும் மோதல் என்றால், ஒரே அடியில் அலைநீளம் மூன்று மடங்காகிவிடும்.

சில மோதல்களிலேயே காமா, எக்ஸ் கதிராகத் தணிந்துவிடுகிறது. அதன்பின் காம்ப்டன் சிதறலால் மட்டும் வேலை நடக்காது. எலெக்ட்ரான்களும் சூடாக இருப்பதால், வாங்குவதைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இங்கே உட்கவர்தலும் மறு உமிழ்வும் சேர்ந்துகொள்கின்றன. சந்தையில் பெரிய நோட்டு கைமாறிக் கைமாறிச் சில்லறையாவதுபோல, ஒரு காமாத் துகளின் ஆற்றல் லட்சக்கணக்கான சிறு ஒளித்துகள்களாகப் பிரிகிறது. கடைசி இரண்டு லட்சம் கிலோமீட்டரில் கொதிக்கும் வாயுவே மேலெழுந்து ஆற்றலைச் சுமக்கிறது. சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மேற்பரப்பிலிருந்து கிளம்புவதே நம் வெயில்.

ஆகவே வெயிலில் மேற்பரப்பின் சேதி உண்டு; மையத்தின் நேரடிச் சேதி இல்லை. பள்ளத்தாக்குக்கு வடக்கே, 1899இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்து, சூரியப்புள்ளிகளில் வாயு ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தார். அதுவும் மேற்பரப்பின் கதைதான்.

மையத்திலிருந்து எதிலும் சிக்காமல் இரண்டே நொடியில் வெளியேறுவது, அதே இணைவில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகள். நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. இதே பள்ளத்தாக்குப் பகுதியில், பொட்டிப்புரம் கிராமத்தின் அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புடன் அமைக்கத் திட்டமிடப்பட்டு, எதிர்ப்பாலும் வழக்குகளாலும் நின்றுபோன ஆய்வகத்தின் இலக்கும் நியூட்ரினோதான். ஆனால் அது தேட இருந்தவை, பூமியின் காற்றுமண்டலத்தில் பிறப்பவை. சூரிய மையத்தின் நியூட்ரினோக்களை அமெரிக்கா, ஜப்பான், கனடா, இத்தாலி நாடுகளின் நிலத்தடி ஆய்வகங்கள் பிடித்து, அணுக்கரு இணைவு அந்த மையத்தில் நடப்பதை உறுதிசெய்துவிட்டன.