தரிசில் வாழும் விசிறி ஓணான்

தூத்துக்குடி மாவட்டத்துக் குளத்தூரைச் சுற்றி மானாவாரிக் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் மிளகாயும் விளைகிற மண். கிழக்கே போனால் வைப்பாற்றின் முகத்துவாரமும் உப்பளங்களும் கடலும் வந்துவிடும். அறுவடை முடிந்த காட்டிலோ, ஓடைக்கரைத் தரிசிலோ, வெயில் ஏறிய பிறகு தரையைப் பாருங்கள். சுண்டுவிரல் நீள உடலும் அதைவிட நீண்ட வாலும் கொண்ட ஓர் ஓணான் மண்கட்டியின் மேல் ஏறி நிற்கும். தாடைக்குக் கீழே வெளிர்நிற விசிறி ஒன்று விரியும், மூடும், மறுபடி விரியும். அதுதான் விசிறி ஓணான். அறிவியலில் இதன் பேரினம் சிட்டானா.

வேலியில் ஓடுகிற ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான் என்றாலும் வாழ்க்கை வேறு. வேலி ஓணான் மரமும் புதரும் ஏறும். பின்னங்காலில் அதற்கு ஐந்து விரல்கள். விசிறி ஓணானின் வாழ்க்கை தரையில். பின்னங்காலில் நான்கு விரல்கள் மட்டுமே. துரத்தினால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களாலேயே ஓடும்.

பெரிய விசிறி ஆணுக்கு மட்டுமே உண்டு. நாக்கின் அடியில் எலும்பும் குருத்தெலும்புமாக ஒரு சட்டகம் இருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு மெல்லிய குச்சிகள் தொண்டைத் தோலுக்குள் படுத்திருக்கும். தசை இழுக்கும்போது அவை கீழ்நோக்கி எழும்பி, குடைக்கம்பி துணியை விரிப்பதுபோல மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் தோலை விரிக்கின்றன. நம் பக்கத்து ஓணான்களில் அந்தத் தோல் வெள்ளையாக இருக்கும். நீலக் கோடும் ஆரஞ்சுத் தீற்றலும் அதில் தெரியும். இணை சேரும் காலத்தில் பெண்ணை அழைக்கவும், எல்லைக்குள் நுழையும் இன்னொரு ஆணை எச்சரிக்கவும் இந்த விசிறிதான். பெண் மண்ணில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும்.

பிரான்சின் விலங்கியலாளர் கூவியே 1829-இல் இதற்குப் பெயரிட்டார். அவருக்குக் கிடைத்த மாதிரி புதுச்சேரியைச் சேர்ந்தது. அதனால் சிற்றினப் பெயரிலேயே புதுச்சேரி ஏறிக்கொண்டது: சிட்டானா பாண்டிசெரியானா. பிறகு நூறாண்டுக்கும் மேலாக, இந்தியாவின் வறண்ட நிலங்களில் எங்கே விசிறி ஓணானைப் பார்த்தாலும் பெரும்பாலும் இந்த ஒரு பெயரையே சொன்னார்கள். இடையில் வேறு பெயர்கள் சிலரால் வைக்கப்பட்டன, ஆனால் அவை அப்போது நிலைக்கவில்லை. சின்ன உடல், மண்நிறம், எங்கும் ஒரே சாயல். உற்றுப் பார்க்க யாருக்கும் காரணம் தோன்றவில்லை.

உற்றுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் விலங்கியலாளர் தீபக் வீரப்பன். இவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை ஆனைமலைக் காடுகளில் ஆமைகளோடு தொடங்கியது. பிரம்பு ஆமை என்னும் அரிய காட்டு ஆமையும் அவற்றுள் ஒன்று.   ஆமைகளுக்குப் பின் தீபக் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, பிரவீண் காரந்தின் ஆய்வுக்கூடத்தில் விசிறி ஓணான்களைக் கையில் எடுத்தார்.

இந்த வேலையில் பாதி நடை, பாதி பொறுமை. ஒவ்வொரு ஊரிலும் ஓணானைத் தேடிப் பிடிக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். முதுகுச் செதில்களை வரிசை வரிசையாக எண்ண வேண்டும். விசிறி நெஞ்சைத் தாண்டி வயிற்றில் எதுவரை போகிறது, விளிம்பு நேராக இருக்கிறதா, ரம்பப் பல்போல இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். துளித் திசுவைச் சாராயத்தில் இட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் மரபணுவைப் படிக்க வேண்டும். இரண்டு ஊர் ஓணான்களின் மரபணு எழுத்துகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தால், அவற்றின் முன்னோர் எப்போது பிரிந்தார்கள் என்று கணிக்கலாம். காலத்தைக் கட்டுவதற்கு வயது தெரிந்த புதைபடிவங்கள் உதவும்.

2016-இல் தீபக்கும் அவருடைய குழுவினரும் ஒரே கட்டுரையில் ஐந்து புதிய சிற்றினங்களை விவரித்தார்கள். நீலம், கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறத்தில் பெரிய விசிறி உடைய மேற்கு இந்திய ஓணான்களுக்கு ‘சரடா’ என்று தனிப் பேரினமே தேவைப்பட்டது. ஐந்தில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. பனையோலை விசிறியை நினைத்து அதற்கு ‘சிட்டானா விசிறி’ என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு தென் தமிழ்நாட்டிலிருந்து இன்னொன்றும் வந்தது. வயலும் கடலோரமும் அதன் வாழிடம் என்பதால் ‘சிட்டானா மருதம்நெய்தல்’ ஆனது. கரிசல் விளைநிலம் உப்பளத்தைத் தொடுகிற குளத்தூர் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

இத்தனை வகை எப்படி வந்தது? இதற்குத் தீபக்கும் காரந்தும் 2018-இல் விடை தந்தார்கள். இந்தியத் துணைக்கண்டம் முழுக்க 107 இடங்களில் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டு, 15 சிற்றினங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் ஆறுக்கு அப்போது பெயர்கூட இல்லை. 13 தீபகற்ப இந்தியாவைச் சேர்ந்தவை. இந்தக் கிளை பிரியத் தொடங்கியது ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பருவமழை முறை நிலைபெற்ற காலம் அது. ஏறத்தாழ 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து பிரிவது வேகமெடுத்தது. அப்போது பருவமழை வலுத்தது, மழைக்கும் வறட்சிக்கும் இடையிலான வேறுபாடு கூடியது, காடு விலகித் திறந்த வெளிகள் பரவின. காட்டுக்குள் வாழ்ந்த முன்னோரின் வழிவந்தவை அந்த வெயில் வெளியில் இறங்கி, பரவி, இடத்துக்கு இடம் மாறின.

மாறாமல் காட்டிலேயே தங்கிவிட்ட உறவினர்களும் உண்டு. அகத்தியமலைக் காட்டின் சருகுகளுக்கிடையே வாழும் கங்காரு ஓணான் ஒன்று, இலங்கையின் காடுகளில் அதற்கு நெருக்கமானவை சில. சிற்றின எண்ணிக்கை அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. வெயிலுக்கு வந்த கிளையில்தான் வகை பெருகியது.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். பல்லுயிர் என்றால் மழைக்காடு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். கரிசல் காட்டின் ஓரங்களை வருவாய்த்துறைப் பதிவேடு தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதுகிறது. ஆனால் புதிய உயிரினங்கள் உருவான களம் இந்த வறண்ட வெளி. மேற்குத் தொடர்ச்சி மலை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வறட்சியை அனுப்பியதை நாம் குறையாகவே சொல்லி வந்திருக்கிறோம். இந்த ஓணானின் வம்சத்துக்கு வறட்சிதான் வாழ்வு கொடுத்தது.

இந்த வெளிக்கு இன்று புதிய பயன்கள் வந்திருக்கின்றன. கயத்தாறு தொடங்கி இந்த வட்டாரமெங்கும் காற்றாலைகள். சூரிய மின்தகடுகளும் பரவுகின்றன. மின்சாரம் வேண்டியதுதான். அதன் விளைவையும் அறிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிராவின் சாள்கேவாடி பீடபூமியில் மரியா தாக்கரும் இரு சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலை இருக்கும் இடத்தில் பருந்து போன்ற வேட்டைப் பறவைகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. வேட்டையாடுபவை குறைந்ததால் அங்கே சரடா ஓணான்கள் பெருகியிருந்தன. அச்சம் குறைந்து மனிதரை அருகே வரவிட்டன. ஆனால் உடல் மெலிந்திருந்தது, ஆண்களின் விசிறி நிறம் மங்கியிருந்தது. வானத்தில் ஒரு பறவை குறைந்தால் தரையில் ஓர் ஓணானின் நிறம் மாறுகிறது என்பதை இது காட்டியது. நம் ஊர்க் காற்றாலைகளின் அடியிலும் இதேபோல் எண்ணிப் பார்க்கும் வேலை இருக்கிறது.

சிறுவர் கல்லுக்கு அதிகம் அடிபடுவது ஓணான்தான். அணில் ராமருக்கு மணல் சுமந்தது, ஓணான் அவமதித்தது என்று கதை சொல்லியே கல்லெறிய விட்டோம். இனி வேறு கதை சொல்லலாம். கோவில்பட்டி, தூத்துக்குடிக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆராய்ச்சி எட்டாத தூரத்தில் இல்லை. கைபேசியில் விசிறி தெரியும்படி ஒரு படம், பின்னங்கால் விரல் தெரியும்படி இன்னொன்று, ஊர், தேதி, என்ன பயிர் நின்ற காடு என்ற குறிப்பு. இதை ஊர் ஊராக ஒரு வருடம் சேர்த்தால், எந்த ஓணான் எந்த மண்ணில் வாழ்கிறது என்பதற்கு உறுதியான பதிவு உருவாகும். ஒரு தரிசைக் காற்றாலைக்கோ மின்தகட்டுக்கோ கொடுக்கும் முன், அங்கே என்ன வாழ்கிறது என்று கேட்பவருக்குக் காட்ட அந்தப் பதிவு நம் கையில் இருக்க வேண்டும்.