கேலனுக்கு இரண்டு சென்ட்

தொட்டியைக் கிரேன் தூக்குவதற்கு முன் அதற்குள் டிரை ஐஸ் கட்டிகளைப் போடுவோம். வெள்ளைப் புகை உள்ளே நிறைந்து, தேங்கியிருக்கும் பெட்ரோல் ஆவியையும் ஆக்சிஜனையும் வெளியே தள்ளிவிடும். பிறகு தீப்பொறி பட்டாலும் வெடிக்காது. கருவியில் அளவைப் பார்த்து அதிகாரி தலையசைத்த பிறகுதான் சங்கிலி இறுகும். கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீர் ஆய்வாளராக இருபது வருஷம் வேலை பார்த்ததில் எத்தனையோ தொட்டிகள் இப்படி மேலே வந்திருக்கின்றன. 2005-ல் சான் ஹோசேயின் கிழக்குப் பக்கத் தெருமுனை ஒன்றில் வந்த தொட்டி மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பத்தாயிரம் கேலன் கொள்ளும் ஒற்றைச் சுவர் இரும்புத் தொட்டி. அடியில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பெட்ரோல் ஊற்றும் குழாய்க்கு நேர் கீழே, அளவு பார்க்கும் குச்சி வருஷக்கணக்காக இடித்து இடித்துத் தேய்ந்த இடம் அது. அதன் கீழே மண் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கிடந்தது. வாசனை தெருவைத் தாண்டிப் போயிற்று.

பங்க் உரிமையாளர் வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர். எழுபதை நெருங்கும் வயது. மூன்று மாதமாக இருப்புக் கணக்கு இடிக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தாமே தகவல் சொன்னவர். பள்ளத்தின் ஓரத்தில் நின்று ஓட்டையையே பார்த்தார். “குச்சியைத் தினமும் விட்டது நான்தானே” என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். லட்சக்கணக்கான டாலர் ஆகலாம் என்று சொன்னேன். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கடையை விற்றாலும் அவ்வளவு தேறாது.

இந்த இடத்தில்தான் கசிவைச் சுத்தம் செய்யப் பணம் தரும் மாநில நிதியம் வருகிறது. 1980-களின் தொடக்கத்தில் இதே சான் ஹோசேயில், சிப் தயாரிக்கும் ஆலை ஒன்றின் தொட்டியிலிருந்து கசிந்த ரசாயனம் குடிநீர்க் கிணற்றில் கலந்தது தெரியவந்தது. பூமிக்கடியில் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேள்வி கேட்கும் சட்டம் முதலில் இந்த ஊர்ப் பக்கம் பிறந்தது. பிறகு மாநிலத்துக்கு, 1984-ல் நாடு முழுமைக்கும் வந்தது. கசிந்தால் சுத்தம் செய்யப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும், பங்க் என்றால் 10 லட்சம் டாலர் வரை, என்று மத்திய அரசு விதித்தது. பழைய இரும்புத் தொட்டிக்குக் காப்பீடு தர யார் முன்வருவார்கள்? அதனால் மாநிலங்கள் தாங்களே நிதியம் தொடங்கின. கலிஃபோர்னியாவில் அதற்கான சட்டம் 1989-ல் வந்தது. செனட்டர் பாரி கீன் பெயரைத் தாங்கியது. தொட்டியில் இறங்கும் ஒவ்வொரு கேலனுக்கும் உரிமையாளர் கட்டணம் செலுத்த வேண்டும். ஆரம்பத்தில் அரை சென்ட்டுக்குச் சற்று மேல், பின்னர் இரண்டு சென்ட். வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவர் தமக்கே தெரியாமல் இதில் பங்கு போடுகிறார்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. வீட்டுத் தொட்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு முதலிடம். அடுத்து சிறு வியாபாரிகள். பெரிய நிறுவனங்கள் கடைசியில். முறையான அனுமதி வாங்கி நடத்தியவர்களுக்கே பணம் கிடைக்கும். இந்த நிதியம் இல்லையென்றால் அந்தப் பெரியவர் வாயைத் திறந்திருப்பாரா? கசிவைச் சொன்னால் ஓட்டாண்டி, சொல்லாவிட்டால் பிழைப்பு என்ற நிலையில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சாண்டா மோனிகா சாட்சி. காற்று மாசைக் குறைக்கப் பெட்ரோலில் கலந்த எம்டிபிஈ என்ற பொருள், தொட்டிகளிலிருந்து கசிந்து நிலத்தடி நீரோடு ஓடியது. பெட்ரோலில் இருக்கும் பென்சீனை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் மெல்ல மெல்லத் தின்றுவிடும். எம்டிபிஈ அவ்வளவு சுலபமாகச் சிதைந்து போகாது. 1996-ல் அந்த நகரம் தன் கிணறுகளை வரிசையாக மூடி, பாதித் தண்ணீரை இழந்து, வெளியிலிருந்து விலைக்கு வாங்கியது. 2003 முடிவோடு எம்டிபிஈ மாநிலத்தில் தடை செய்யப்பட்டது.

எங்கள் தெருமுனையில் ஆறு கண்காணிப்புக் கிணறுகள் தோண்டினோம். இரண்டங்குலக் குழாய்தான் ஒவ்வொன்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கயிற்றில் பெய்லர் என்ற நீர் மொள்ளும் குழலை இறக்கி நீர் எடுப்பேன். சிறு கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழ்கூட இல்லாமல் நிரப்ப வேண்டும். குமிழ் இருந்தால் பென்சீன் அதற்குள் தப்பிவிடும், கணக்கு பொய்யாகிவிடும். மூடிக் கவிழ்த்து, விரலால் தட்டி, வெளிச்சத்தில் பார்த்து, ஐஸ் பெட்டியில் வைக்கும்வரை மூச்சு விடமாட்டேன். ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமான பென்சீன் இங்கே குடிநீரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

நிதியத்தில் குறையும் உண்டு. வேலை நடந்து பில் வந்த பிறகுதான் பணம் வரும். 2009 வாக்கில் நிதியத்தின் கையிருப்பே வற்றிப்போனது. அந்தப் பெரியவரின் பணமும் தாமதமானது. மாதிரி எடுக்கும் வேலையை மட்டும் எப்படியோ இழுத்துப் பிடித்தோம். மண்ணுக்குள் இருக்கும் நஞ்சு வரவுசெலவு பார்த்து நகர்வதில்லை. இப்படிப்பட்ட பணத்தை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒற்றைச் சுவர்த் தொட்டிகளை 2025 டிசம்பர் 31-க்குள் நிரந்தரமாக மூட வேண்டும் என்று 2014-ல் சட்டம் வந்தது. தொட்டி மாற்ற வசதியில்லாத சிறிய பங்க்குகளுக்கு மானியமும் கடனும் தர ஏற்பாடு இருந்தது. பல மைலுக்கு ஒரே பங்க் உள்ள மலையோர ஊர்களுக்கு அந்த உதவி போய்ச் சேர வேண்டும் என்பதே என் கவலையாக இருந்தது.

எங்கள் தெருமுனையில் சுத்தம் செய்யும் வேலை முடிந்தது என்ற முடிப்புக் கடிதம் வந்தது 2014-ல். கடைசிக் கிணற்றில் சிமெண்ட் கரைசலை ஊற்றிய அன்று பெரியவர் மகனோடு வந்திருந்தார். தரையோடு தரையாகப் பூசிய வட்டத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். “காய எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார். ஒரு நாள் போதும் என்றேன்.