குழாய் பொருத்திய பின் வரும் ஆறு வாரங்கள்

கண் நீர் அழுத்த நோய்க்கு வடிகுழாய் பொருத்திக்கொண்டவர்கள் முதல் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அறுவை சிகிச்சை செய்தும் அழுத்தம் ஏன் குறையவில்லை?" கேள்வி நியாயமானதே. விடை, கருவியின் அமைப்பிலேயே உள்ளது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து வெளியேறுகிறது. அவ்வழி தடைபட்டால் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு நலிவடையும். சொட்டு மருந்தும் பிற சிகிச்சைகளும் போதாதபோது நீருக்குப் புதுவழி அமைக்கிறோம். மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் 'ஆடி' என்னும் கருவி, 350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சிலிக்கோன் தகடும் அதனோடு இணைந்த மெல்லிய குழாயும் கொண்டது. தகட்டை மேலிமைக்குள் மறையுமாறு விழியின் வெண்பகுதி மீது தைத்து, குழாயின் நுனியைக் கண்ணுக்குள் செலுத்துகிறோம். குழாயின் மேல், தானமாகப் பெற்ற கண்ணின் வெண்படலத் துண்டைப் போர்த்துவது வழக்கம். கண் தானத்தில் கருவிழி மட்டுமே பயன்படும் என்று எண்ணுவோர் பலர், அது சரியன்று.

இக்கருவியில் வால்வு இல்லை. உடனே திறந்துவிட்டால் நீர் அளவின்றி வடிந்து கண் தளர்ந்துவிடும். ஆகவே, தானே கரையும் நூலால் குழாயைக் கட்டிவிடுகிறோம். நூல் கரைய ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் தகட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று வளர்ந்து, பின்னர் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அதுவரை அழுத்தம் உயர்ந்தே இருக்கலாம்.

'ஆபரேஷன்தான் ஆயிற்றே' என்று இந்நாட்களில் சொட்டு மருந்தை நிறுத்துவோர் உண்டு. இச்சிகிச்சை பெறும் கண்கள் பலவற்றில் எஞ்சியுள்ள நரம்பு சிறிதே. அதில் மேலும் இழப்பதை எந்த அறுவை சிகிச்சையும் மீட்டுத் தராது. முன்பே இழந்த பார்வையையும் குழாய் திருப்பித் தராது.

நூல் கரையும்போது அழுத்தம் திடீரென இறங்கலாம். பார்வை மங்கினாலோ கண் வலித்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே வருக. சிவப்பு, பீளை, குழாய் வெளியே தெரிதல் ஆகியவற்றுக்கும், எத்தனை ஆண்டுகள் கழிந்திருப்பினும், இதுவே விதி. கண்ணைக் கசக்கலாகாது.

மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைப்பது மருத்துவரின் முடிவு. பலருக்கு ஒன்றிரண்டு தொடரும். வீட்டிலுள்ளோர் அறுவை சிகிச்சை நாளையும் ஆறாம் வார இறுதியையும் நாட்காட்டியில் குறித்து வைத்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.