மொட்டைமாடியில் நெல் மூட்டை அடுக்கலாமா?

அறுவடை முடிந்து விலை படியவில்லை என்றால், நாலு வாரம் பொறுத்து விற்கலாம் என்று விவசாயிகள் நெல்லை இருப்பு வைப்பதுண்டு. கீழே ஈரம், எலித் தொல்லை. ஆகவே மூட்டைகள் மாடிக்கு ஏறிவிடுகின்றன. அந்தத் தளத்தின் கீழேதான் குடும்பம் படுத்துறங்குகிறது. தளம் எவ்வளவு தாங்கும் என்று கேட்பவர் குறைவு.

கட்டடம் இருவகைச் சுமைகளைத் தாங்குகிறது. கான்கிரீட், தட்டோடு, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் எடை மாறாதது. ஆட்கள், சாமான்கள், தானியம், தேங்கும் மழைநீர் ஆகியவை வந்து போகும் சுமைகள். இவை மாறும் சுமை எனப்படும். இவ்விரண்டையும் கூட்டித்தான் தளத்தின் கனமும் கம்பியின் அளவும் கணக்கிடப்படுகின்றன.

மாறும் சுமைக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, 1987-ல் வெளியானது. அதன்படி வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோவும், ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு 150 கிலோவும் கணக்கு. கிடங்குத் தளத்துக்கோ குறைந்தது 750 கிலோ.

மொட்டைமாடிக் கணக்கைச் சதுர அடிக்கு மாற்றினால் சுமார் 14 கிலோ வரும். 75 கிலோ நெல் மூட்டை ஒன்றைப் படுக்கவைத்தால் ஏறக்குறைய 6 சதுர அடி பிடிக்கும். அதாவது சதுர அடிக்கு பன்னிரண்டரை கிலோ. ஒரே அடுக்காக இருக்கும்வரை கணக்குக்குள் அடங்கும். இரண்டாவது மூட்டை ஏறியதும் 25 கிலோ! ஐந்து அடுக்கு என்றால் 60 கிலோவுக்கு மேல்.

"போன வருஷமும் அடுக்கினோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். பொறியாளர் கணக்கில் கொஞ்சம் கூடுதல் பலம் சேர்ப்பது உண்மைதான். ஆனால் அது கலவைக் குறை, வேலைக் குறை போன்றவற்றை ஈடுகட்டுவதற்கு. மூட்டைக்காக விட்ட இடமல்ல. கணக்குப் பார்க்காமல் கட்டிய வீடாக இருந்தால் ஒரே அடுக்குக்கும் உறுதி சொல்ல முடியாது. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் பழைய வீட்டில் மூட்டை ஏற்றவே கூடாது.

நெல் காயப்போடுவதற்குப் பயமில்லை. இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பினால் சதுர அடிக்கு மூன்று கிலோ அளவுதான். காய்ந்த பிறகு தளத்தின் நடுவே குவித்து வைப்பதுதான் தவறு. தளம் மிகுதியாக வளைவது நடுவில்தான். மாடியில் வைத்தே ஆகவேண்டிய சில மூட்டைகளை, கீழே சுவர் வரும் இடம் பார்த்து, அதை ஒட்டி ஒரே அடுக்காக வைக்கலாம். சன்ஷேடின் மேல் ஒரு மூட்டைகூட வேண்டாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை. அதற்கும் சுவரின் மேல்தான் இடம் பார்க்க வேண்டும்.

மழைநீர்க் குழாயை வைக்கோல் அடைத்துக்கொண்டால் வேறு வினையே வேண்டாம். மாடியில் நாலு அங்குலம் நீர் தேங்கினாலே சதுர அடிக்கு 9 கிலோவுக்கு மேல் ஏறிவிடும். மூட்டைகளும் அங்கே இருந்தால் இரண்டும் சேர்ந்து தளத்தை அழுத்தும். மழைக்கு முன் குழாய் வாயைத் துழாவிச் சுத்தம் செய்வது கால் மணி நேர வேலை.