பொன்முடி ஏறும் பத்மினி

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பழைய பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஓர் ஆசை வந்துவிடும்: வண்டி இன்னும் கொஞ்சம் இழுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நியாயமான ஆசைதான். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் போய் ‘பவர் ஏத்திக் கொடுங்க’ என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் சின்ன எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. நமக்கு வேண்டியது இழுவை. உச்ச வேகம் அல்ல.

பத்மினியில் இருப்பது 1089 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 75 மி.மீ. இதே அளவுகளில் ஃபியட் நிறுவனம் 1937இல் 508சி என்ற காருக்கு எஞ்சின் செய்தது. அது தந்தது சுமார் 32 குதிரைத்திறன். 1953இல் வந்த ஃபியட் 1100இல் 36. அதே காரின் வேகமான வடிவமான ‘டிவி’யில் 50. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், சிசிதாலியா டி46 என்ற பந்தயக் கார் இந்தக் குடும்பத்து எஞ்சினிலிருந்தே 60 குதிரைத்திறன் அளவுக்குக் கறந்தது. இத்தாலியின் மாபெரும் பந்தய வீரர் நுவோலாரி அதை ஓட்டியிருக்கிறார். இந்தியாவுக்கு 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் வந்து, பிறகு பத்மினி ஆன நம் காருக்கு ஏறத்தாழ 40.

சிசி மாறவில்லை, சக்தி மட்டும் இரு மடங்கு வரை போகிறது. எப்படி? 36 குதிரைத்திறன் கிடைத்தது நிமிடத்துக்கு 4,400 சுற்றில். டிவியின் 50 கிடைத்தது 5,400 சுற்றில். வகுத்துப் பார்த்தால், கூடுதல் சக்தியில் பாதிக்கும் மேல் சுற்று கூடியதால் வந்தது. முறுக்குவிசை கூடியது 13 விழுக்காடுதான். திருவனந்தபுரத்தின் பட்டத்திலும் கரமனையிலும் நெரிசலில் நகரும் காரின் எஞ்சின் 2,000, 2,500 சுற்றில்தான் ஓடுகிறது. அங்கே 5,400இல் கிடைக்கும் சக்தியால் என்ன பயன்? வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் ‘ரேஸ் கேம்ஷாஃப்ட்’ போட்டால் மேல் சுற்றில் எஞ்சின் பாடும். கீழ்ச் சுற்றில் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும், கியர் மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துபோகும். தெருவில் ஓடும் காருக்கு அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி (ஸ்கிம் செய்து) அழுத்த விகிதத்தைக் கூட்டுவது அப்படியல்ல. அதன் பலன் எல்லாச் சுற்றிலும் கிடைக்கும். விகிதம் 7.5 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 42 சிசி. விகிதம் 8.5 ஆக வேண்டுமென்றால் அது 36 சிசியாகக் குறைய வேண்டும். அதாவது லேத் பட்டறையில் ஒன்றரை மி.மீ. அளவுக்கு உலோகம் போகவேண்டும். கொள்கையளவில் கிடைக்கும் ஆதாயம் 4 விழுக்காடு, ஒன்றரைக் குதிரைத்திறன்! ஹெட் தாழ்ந்தால் புஷ்ராடு நீளமாகிப்போகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் அதே கனத்துக்குத் தகடு வைக்க வேண்டும். சிலிண்டரை 69 மி.மீ.க்கு போர் போட்டாலும் கூடுவது 3 விழுக்காடுதான்.

இந்தச் சின்ன எண்களை நம் ஊர்க் காற்றே விழுங்கிவிடும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. 32 டிகிரி வெயிலும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பகலில், எஞ்சின் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 3.5 விழுக்காடு வெறும் நீராவி. பொன்முடி 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 12 விழுக்காடு குறைவு. மேலே குளிர் இருப்பதால் கொஞ்சம் மீள்கிறது, என்றாலும் 40 குதிரைத்திறன் 36 ஆகித்தான் உச்சியை அடைகிறது.

அதனால் முதல் வேலை, இருந்ததை மீட்பது. கசியும் வால்வுகளை லேப்பிங் செய்வது, தேய்ந்த பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், டைமிங் சரிபார்ப்பு. அடுத்தது கார்பரேட்டர். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 மடங்கு காற்று போதும். எரிபொருளை அளந்து விடும் பழைய ஜெட்டோடு ஓடினால் 8 விழுக்காடு எரிபொருள் பற்றாக்குறை. எஞ்சின் தயங்கும், சூடேறும். 120 எண் ஜெட் இருந்தால் 125 போட்டுப் பார்க்கலாம். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றியாக வேண்டும். எல்லோரும் திட்டும் இந்த எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது. கலவை தானாகவே வெடித்து எரியும் நாக்கிங்கை அது தடுக்கும். அழுத்த விகிதத்தைக் கூட்ட நினைப்பவருக்குத் துணைதான்.

வண்டியை மாற்றும் விஷயத்தில் சட்டம் கறாரானது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான், 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதே ஆண்டு சேர்ந்த 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதற்கு மேல் ஆசைப்படுபவர்களுக்கு கோவையிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. கோவையின் எஸ்.கரிவர்தன் 796 சிசி மாருதி எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரைப் படைத்தார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் கால்வைத்தது அந்தக் காரில்தான்.

எஞ்சினுக்குச் செலவழிக்கும் முன் பிரேக்குக்குச் செலவழிக்க வேண்டும். பத்மினியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். 60 கி.மீ. வேகம் 80 ஆனால், நிறுத்தும்போது டிரம் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.8 மடங்கு ஆகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். கடலோர ஊரில் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும், மலை இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.